டாக்கோ நாளில் வெட்டிய அழைப்பு

"4.10.2009, ஞாயிறு. டாக்கோ நாள். சோள மா மூன்று மூட்டை. வெயில், கொஞ்சம் காற்று. பகல் பதினொன்றரைக்கே வாசலில் வரிசை. கொத்தமல்லி இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது."

என் பழைய நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். வீட்டுக் கொதிகலன் பழுதான திகதியைக்கூட எழுதி வைக்கிற ஆள் நான். மனைவி இதை ஒரு வியாதி என்பாள். அப்படிப்பட்ட நான் அன்று கொத்தமல்லி முடிந்த நேரத்தைக் குறித்திருக்கிறேன், நடந்ததைக் குறிக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. எழுதினால் என் கையெழுத்தில் இருந்துவிடும் என்ற பயம்.

போன வியாழன் கிங்ஸ்பரியில் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். "அப்பா, டாக்கோ டே, யூ மஸ்ட் கம்" என்று இரண்டு நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். போனேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததும், சோள ரொட்டி எண்ணெயில் விழும் மணம். நம்முடைய பலகார மணம் போன்றதல்ல அது. நனைந்த சாக்கை வெயிலில் காயப்போட்டால் ஒரு மணம் வருமே, அதற்குக் கிட்ட. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றேன். "சோ எம்பரஸிங், அப்பா" என்றாள். வயிறு சரியில்லை என்று சொன்னேன். உங்களிடம் பொய் சொல்லத் தேவையில்லை.

2009இல் நான் தென்லண்டனில் ஒரு மெக்சிக்கோ உணவகத்தில் கோப்பை கழுவினேன். நோர்தேர்ன் லைனில் டூட்டிங்கிலிருந்து நாலைந்து தரிப்பு. பெயரில்தான் மெக்சிக்கோ. குசினிக்குள் இருந்தவர்கள் யோகன் அண்ணை, மதுரைக்காரன் செல்வம், நான். முதலாளி வெள்ளைக்காரர், நல்ல மனிதர், இளமையில் இரண்டு வருடம் கலிபோர்னியாவில் இருந்தவர். அமெரிக்காவில் அக்டோபரில் டாக்கோவுக்கென்று, கறி வைத்து மடித்த அந்தச் சோள ரொட்டிக்கென்று, ஒரு நாள் உண்டு, அதை இங்கேயும் கொண்டாடுவோம் என்று ஒரு கிழமைக்கு முன்பு எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். சொல்லும்போது பெரிய வைக்கோல் தொப்பியொன்றைப் போட்டிருந்தார். செல்வம் என் காதில், "ஏன்ணே, இட்லிக்கு இந்த மாதிரி லீவு விடுவாங்களா?" என்றான்.

"லீவில்லையடா, ரெண்டு மடங்கு வேலை" என்றார் யோகன் அண்ணை.

யோகன் அண்ணைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். ரொட்டிகளை அப்போதும் ஜெர்மனில்தான் எண்ணுவார். சோள மாவை உருட்டி, இரண்டு தகடுகளுக்கு இடையில் அழுத்தி, கல்லில் வாட்டி, கொதிக்கும் எண்ணெயில் இடுக்கியால் பாதியாக மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பிறைபோல விறைக்கும்வரை. அவர் கை நடுங்காது. வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து நீங்கள் மெக்சிக்கோவா என்று கேட்டால் ஆங்கிலத்தில் ஆமென்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கொடிகாமத்துக்குப் பக்கத்தில" என்பார்.

இந்தப் பகிடிகளை அவர் அந்த வருடத்தில் விடாமல் சொன்னதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. அவருடைய ஒரே தங்கை வசந்தி வன்னியில் பள்ளிக்கூட ஆசிரியை, அவளுக்கு ஒரு மகள். மாசி மாதத்தில் யாரோ ஒருவரின் மூலம் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. வைகாசியில் சண்டை முடிந்தது, எல்லாம் முடிந்தது. நாங்கள் வேலைநேரம்போக மிச்ச நேரமெல்லாம் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்ற ஆட்கள், அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ் ஏறினோம். வவுனியா முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் என்று மின்னஞ்சலில் ஏதேதோ வரும். யோகன் அண்ணையின் கண்ணுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. இடைவேளையில் நான் வாசிப்பேன். வசந்திகள் இருந்தார்கள், வேறு வசந்திகள்.

"இல்லை அண்ணை."

"சரி, அடுத்த பக்கம்."

தங்கை உயிரோடு இருக்கிறாளா, இல்லையா. அந்த வருடம் முழுக்க அவருக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

குசினிக்குள் கைபேசி கூடாது என்பது சட்டம். யோகன் அண்ணைக்கு மட்டும் முதலாளி விலக்குக் கொடுத்தார். கழுவு தொட்டிக்கு மேல் தட்டில், தக்காளி வந்த வெறும் தகரத்துக்குள் அந்த போன் நிற்கும். தகரத்துக்குள் மணி அடித்தால் சத்தம் பெரிதாகக் கேட்குமாம். பக்கத்தில் நிற்பவன் நான் என்பதால் காவலும் நான்தான். "தம்பி, அடிச்சால் உடன சொல்லு, கையைத் துடைச்சுக்கொண்டு ஓடி வாறன்" என்று ஒவ்வொரு காலையும் சொல்வார்.

இந்த இடத்தில் அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கையிலிருந்து அழைப்பு வந்தால் நாங்கள் எடுப்பதில்லை. வெட்டிவிடுவோம். வெட்டிவிட்டு, கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, நாங்கள் திருப்பி எடுப்போம். அங்கிருப்பவர்களுக்குச் செலவு வைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில், கொழும்பில் இருந்தவர்களுக்கு இது பழக்கம். இரண்டு தரம் மணி அடிக்கவிட்டுக் காத்திருப்பார்கள். வெட்டுவது எங்கள் ஊரில் மரியாதை, அன்பு என்றுகூடச் சொல்லலாம். என் அம்மாவின் அழைப்பை நான் ஒருமுறையாவது எடுத்திருந்தால் அவர் பயந்திருப்பார்.

டாக்கோ நாளன்று பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்பு தகரம் அலறியது. வாசலில் கிட்டார் வாசிக்க ஒருவரை முதலாளி பிடித்து வைத்திருந்தார். அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். இலங்கை இலக்கம், தெரியாத இலக்கம்.

"எடுங்கண்ணே, எடுங்க!" என்று செல்வம் கத்தினான்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன். வெட்டினேன்.

யோகன் அண்ணை எண்ணெய்க்கு முன்னால் இரண்டு கையிலும் இடுக்கியோடு நின்றார். "ஆரடா?"

"இலங்கை நம்பர் அண்ணை. கட் பண்ணிட்டன், எடுக்கிறன்."

"கெதியா எடு, கெதியா."

பாருங்கள், "எடுத்திருக்கலாமே" என்று அவரும் கேட்கவில்லை. நான் செய்தது அவருக்குச் சரியாகவே பட்டது. அட்டையை எடுத்தேன். கை ஈரம். ஓரிடத்தில் இலக்கம் பிழையாகிவிட்டது. மறுபடி ஆரம்பத்திலிருந்து. நேரத்தில் கறாரான ஆளென்று சொல்லிக்கொள்ளும் நான் பின்னாளில் வீட்டில் இருந்து அதையெல்லாம் செய்துபார்த்துக் கணக்கிட்டேன். மூன்று நிமிடத்துக்குக் குறையாது.

ஓர் ஆண் குரல் எடுத்தது. பின்னால் பஸ் இரைச்சல்.

"ஓம், நான்தான் போன் குடுத்தனான். முகாமில என்ர ஆக்களைப் பாக்க வந்தனான். வேலிக்கு உள்ளுக்கு நிண்ட ஒரு அக்கா துண்டில நம்பரைக் காட்டி ஒருக்கா அடிச்சுத் தரச் சொன்னவ. நீங்கள் கட் பண்ணிப்போட்டியள்."

"இல்லை, திருப்பி எடுக்கத்தான்..."

"அது எனக்கு விளங்கும் அண்ணை. நான் சொன்னனான், நிண்டு பாப்பம் எண்டு. அதுக்குள்ள நேரம் முடிஞ்சுதெண்டு எங்களைக் கலைச்சுப்போட்டாங்கள். அவ உள்ளுக்குப் போயிட்டா."

யோகன் அண்ணை போனைப் பிடுங்கினார். கையிலிருந்த எண்ணெயில் அது வழுக்கியது. "பேரென்ன சொன்னவ, தம்பி?"

"கேக்கேல்லையே அண்ணை."

"ஒரு பொம்பிளைப் பிள்ளை பக்கத்தில நிண்டதோ? எட்டு வயசு?"

"வேலியில எல்லாருக்கும் பக்கத்தில பிள்ளையள்தான் அண்ணை."

"திரும்பிப் போக ஏலாதோ?"

"இப்ப ஏலாது. அடுத்த ஞாயிறு போறன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கிறன்."

வன்னிக்குள் அந்நாட்களில் கைபேசி இல்லை என்பது எனக்கு அன்றிரவு படுக்கையில்தான் நினைவுக்கு வந்தது. அங்கே தொலைத்தொடர்பு நிலையத்தில் நேரம் கேட்டுக் காத்திருந்து பேசுவார்கள். வெட்டினால் திருப்பி எடுப்பார்கள் என்ற எங்கள் வழக்கம் அங்கிருந்து வந்து வேலிக்குள் நின்ற பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்த மனிதர் நின்று பார்ப்போம் என்றிருந்தாலும், வெட்டியது அவளுக்கு வெட்டியதாகவே இருந்திருக்கும்.

யோகன் அண்ணை போனைத் துடைத்துத் தகரத்துக்குள் வைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நானும் இதைத்தான் செய்திருப்பன்" என்றார். திரும்பிப் போய் இடுக்கியை எடுத்தார். அதன் பிறகு மூன்று மணிநேரம் டாக்கோ சுட்டார், எண்ணாமல். முதலாளி உள்ளே வந்து, இன்று நம் வரலாற்றிலேயே சிறந்த நாள் என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். நாங்கள் கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு அந்த மனிதர் சொன்னபடியே போயிருக்கிறார். பெயரைச் சொல்லி வேலி நீளத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த கிழமை அந்த இலக்கம் பாவனையில் இல்லை. இரண்டு வருடம் கழித்து யோகன் அண்ணையே ஊருக்குப் போனார். எந்தப் பட்டியலிலும், எந்த அரச கந்தோரிலும், வசந்தியோ பிள்ளையோ இல்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த அழைப்பையும் வெட்டியதில்லை. காப்புறுதி விற்பவர்கள் முதல் பிழையான இலக்கக்காரர் வரை எல்லோரிடமும் முதல் மணியிலேயே "ஹலோ, அண்ணைதான்" என்று பேசினார். கடைசிவரை தன் இலக்கத்தை மாற்றவில்லை.

இப்போது உணவகம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். முதலாளி எங்கே என்று தெரியாது. தொலைபேசி அட்டைகளை டூட்டிங் கடைகளில் கேட்டால் இளம் பெடியங்கள் சிரிக்கிறார்கள். வெட்டிவிட்டுத் திருப்பி எடுக்கும் வழக்கம் முற்றாகப் போய்விட்டது. அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் முகம் காட்டி, நான் எடுக்கப் பிந்தினால் கோபிக்கிறார். யோகன் அண்ணை போன மாரியில்தான் இறந்தார் என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது. உண்மையில் நான்கு வருடம் ஆகிவிட்டது. அவர் மகன் அந்த இலக்கத்தை நிறுத்திவிட்டான்.

ஒரு தகவலை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை. 2013இல் டூட்டிங் மரக்கறிக் கடை வரிசையில், அந்த முகாமில் இருந்து வந்த ஒரு அம்மாவோடு பேச்சுக் கொடுத்தேன். முகாமில் தங்களுக்கு அடுத்த கூடாரத்தில் ஒரு டீச்சர் இருந்ததாகவும், லண்டன் அண்ணை போனை வெட்டிப்போட்டார் என்று ஒருநாள் வந்து சொன்னதாகவும், பிறகு எவரிடமும் போன் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். டீச்சரின் பெயர் அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நாளில் டீச்சரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். யோகன் அண்ணையிடம் தங்கையின் படம் இருந்தது. அந்த அம்மா குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி. படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு நிமிட வேலை. நான் காட்டவில்லை. அந்த டீச்சர் வசந்திதானா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.