காலி வேனின் பின்பக்கம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பல ஊர்களில் கார் ஓட்டிப் பிழைத்தேன். எல்லாமே முன்சக்கரம் இழுக்கும் கார்கள். வளைவில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

போன வருடம் தூத்துக்குடியில் மீன் வேன் ஓட்டச் சேர்ந்தேன். அது பின்சக்கரம் தள்ளும் வண்டி. சரக்கோடு போகும்போது வித்தியாசம் தெரியவில்லை. ஏரல் சந்தையில் மீனை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினேன். கடற்கரை வளைவில் மீன் லாரிகளின் ஐஸ் தண்ணீர் வழிந்து கிடந்தது. பழக்கத்தில் மிதித்துவிட்டேன். பாரமில்லாத பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, சாலையோரம் குனிந்து கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

இறங்கி ஓடினேன். கையில் கருவாட்டோடு நிமிர்ந்து அவள் கத்தினாள்.

"ஏலே, முன்னால மட்டும் பாத்தா போதுமால? பின்னால இருக்கவ செத்தா உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது காலி வேனில் பின்சக்கரத்துக்கு மேல் இரண்டு உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொள்கிறேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். பிறகு பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கிறேன். எந்த ஊர் வளைவானாலும் அவள் அதில் குனிந்து நிற்கிறாள்.