துட்டி வீட்டில் பதினான்கு நாவல்கள்

என் கணவர் வேல்ராஜ் இறந்தபின் முப்பது நாள் நான் வாசற்படி தாண்டக் கூடாது என்றார்கள். சரி என்றேன். மூலையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, யார் வந்தாலும் அவர்களைப் பார்த்ததும் அழ வேண்டும் என்றார்கள். அதற்கு மட்டும் நான் சரி சொல்லவில்லை. அந்த முப்பது நாளில் பதினான்கு நாவல் படித்தேன். மும்பைத் தாராவியில் எங்கள் சந்து முழுக்க இதைப் பேசித் தீர்த்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குப் பதில், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முருகம்மாள். வயது நாற்பத்தேழு. மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் பத்தாவது வரை படித்தேன். இருபது வருடமாக ஒரு தையல் பட்டறையில், தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அழ வேண்டியதை எப்போதோ அழுது முடித்துவிட்டேன், இங்கே மறுபடி தொடங்கப் போவதில்லை.

வேல்ராஜ் பழைய பேப்பர் குடோனில் தரம் பிரிக்கிறவர். வாயைத் திறந்தால் திருநெல்வேலிப் பேச்சு, ஆனால் பிறந்து வளர்ந்தது தாராவி, படித்தது இந்திப் பள்ளியில் ஐந்தாவது வரை. தமிழ் எழுத்தைப் பார்த்தால் அது தமிழ் என்று தெரியும், அவ்வளவுதான். பக்கத்திலுள்ள மாதுங்காவில் தமிழ்ப் பெரியவர்கள் யாராவது இறந்தால், அவர்கள் சேர்த்து வைத்த தமிழ்ப் புத்தகங்களைப் பிள்ளைகள் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் தமிழ் படிக்க வராது. அந்தச் சாக்கு குடோனுக்கு வந்தால் வேல்ராஜ் ஒன்றிரண்டை ஒதுக்கி எனக்குக் கொண்டுவருவார். நகை வாங்கி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். மறுநாள் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்பார்.

"ஏட்டி, அந்தப் பொஸ்தகம் என்ன கதை?"

பன்னிரண்டு மணி நேரம் நூல் வெட்டிவிட்டு வந்து சமைக்கிறவளுக்குப் படிக்க நேரம் ஏது? படிக்கவில்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். அதனால் அட்டையைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அட்டையில் ரயில் இருந்தால் ஓடிப்போன காதலர்கள். கத்தி இருந்தால் கொலை. அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் கதை முடியாவிட்டால் மீதி நாளைக்கு. இப்படியே எட்டு வருடம் போயிற்று. கட்டிலுக்கடியில் நாற்பது புத்தகம் சேர்ந்தன, ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை.

மஞ்சள் காமாலை ஒன்பதே நாளில் அவரைக் கொண்டுபோயிற்று. துட்டியின் மூன்றாம் நாள், மூலையில் உட்கார்ந்து மரத்துப்போன காலை நீட்டியபோது கட்டிலுக்கடியில் இருந்த புத்தகக் குவியலில் இடித்தது. ஒன்றை உருவினேன். அட்டையில் கத்தி. இரட்டைக் கொலை என்று நான் நாலு நாள் அளந்த அதே புத்தகம். உள்ளே கொலையும் இல்லை, குத்தும் இல்லை. அது பலாப்பழம் வெட்டுகிற கத்தி. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு பலாமரத்துக்காகப் பேச்சை நிறுத்திவிட்டு, கிழவர்களான பிறகு ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருகிறார்கள். என் கதையைவிட நூறு மடங்கு நல்ல கதை. அவருக்கு இதைச் சொல்லாமல் போனேனே. இரண்டாம் தடவையும் படித்தேன்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. எல்லாமே நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாவலில் மழை பெய்து முடிய மூன்று பக்கம் ஆகிறது. எழுதியவர் எங்கள் சந்தில் ஒரு ஜூலை மாதம் இருந்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பார். இன்னொன்றில் கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் மயங்கி விழுகிறாள், யாராவது தாங்கிப் பிடிக்கிறார்கள். நான் ஒருநாள் பட்டறையில் மயங்கி விழுந்தேன். மேஸ்திரி சட்டை அழுக்காகிறது என்று கத்தினான். பாதிப் புத்தகங்கள் ஒரே மாதுங்காப் பெரியவருடையவை போல. அவர் யாரோ, பெண்கள் அழுகிற இடத்திலெல்லாம் பென்சிலால் 'அருமை' என்று எழுதி வைத்திருந்தார். நான் பேனாவை எடுத்து, பிடிக்காத இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். யாரும் கேட்காமலே ஒருவருக்கு எதிர்ப்பேச்சு பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

துட்டிக்கு வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு முகத்தைச் சுளித்தார்கள், பிறகு விக்ரோலிக்குப் போன் போட்டார்கள். வேல்ராஜின் அண்ணன் இசக்கிப்பாண்டி அத்தான் அங்கேதான் இருக்கிறார். மறுநாளே வந்து நின்றார்.

"எந்தம்பி செத்து பத்து நாள் ஆவல. நீ கதப் பொஸ்தகம் படிச்சிட்டுக் கெடக்க. ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா? பாக்கவன் என்ன நெனப்பான்?"

"எதையும் நெனச்சிட்டுப் போட்டும் அத்தான். எனக்கு அழுக வரல."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முடிவு எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "இந்தக் குப்பைய எடைக்குப் போடு. முப்பது முடிஞ்சதும் ரூமப் பூட்டிட்டு எங்க கூட விக்ரோலிக்கு வந்துரு. வேலைக்கும் போவாண்டாம். தனிப் பொம்பள இங்கன என்ன பண்ணப் போற? மறுநாளே டெம்போ சொல்லுதேன்."

அங்கே அவர் வீட்டில் ஒன்பது பேர். சமைக்கவும் துவைக்கவும் ஒரு ஆள் குறைகிறது என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பன்னிரண்டாம் நாள் அபுதாஹிர் வந்தார். வேல்ராஜோடு குடோனில் வேலை பார்த்தவர். வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதீய மைனி. நீங்க ராத்திரி சொல்ற கதைய அண்ணன் மறுநா சாயா நேரத்துல எங்களுக்குச் சொல்லுவாரு. பதினாறு பேரும் அதுக்காவ உக்காந்திருப்போம். அந்தக் கெணத்துக் கதை பாதியில நிக்கி. நாப்பது அடியில செண்பகத்துக்குப் பாறை வந்துட்டுன்னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. தண்ணி வந்துச்சா, இல்லியா?"

ரசம் கொதிக்கிற நேரத்தில் நான் அளந்த பொய்யைப் பதினாறு ஆண்கள் எட்டு வருடமாகக் காத்திருந்து கேட்டிருக்கிறார்கள். "பாத்துச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

அட்டையில் கிணறு, பக்கத்தில் ஒரு பெண். தண்ணீரே இல்லாத தன் புஞ்சைக் காட்டில் ஊர் சிரிக்கச் சிரிக்கக் கிணறு வெட்டுகிற செண்பகம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். உள்ளே செண்பகமும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. அட்டையில் இருந்தவள் ஒரு விதவை. கொழுந்தன் வீட்டுக்குப் போகிறாள். எல்லோருக்கும் வடித்துக் கொட்டுகிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கிணற்றில் குதிக்கிறாள். அங்கே மாதுங்காப் பெரியவர் 'அருமையான முடிவு' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே நான் எழுதினேன்: 'யாருக்கு?'

ஆனாலும் அந்தக் கிணறு என்னை விடவில்லை. அது படித்த மனிதர் எழுதி அச்சில் வந்த முடிவு. என்னுடையது அடுப்படிப் பொய். அந்தப் பதினாறு பேருக்கு எதைச் சொல்வது? நான் எதை நம்புவது? அடுத்தடுத்து எட்டு நாவல் படித்தேன். ஆறில் விதவைகள் வந்தார்கள். ஒருத்திகூட முப்பத்தோராம் நாள் வேலைக்குப் போகவில்லை. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் ஏறியது.

முப்பதாம் நாள் வேல்ராஜின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். பக்கத்து வீட்டு விஜயராணி சமையலைப் பார்த்துக்கொண்டாள். குடோன் ஆட்கள் சந்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் கை கழுவும்போது இசக்கிப்பாண்டி அத்தான் எழுந்து எல்லோரும் கேட்கச் சொன்னார். "நாளைக்கிக் காலைல டெம்போ வருது. முருகம்மா எங்க கூட வாறா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இப்போதாவது அழுவாள் என்று பார்த்தார்கள்.

நான் எழுந்து வாசற்படியைத் தாண்டிச் சந்தில் இறங்கினேன்.

"அபுதாஹிர், தண்ணி வந்துச்சான்னு கேட்டீயள்லா?"

"இப்பம் கதையாட்டி முக்கியம்?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். இப்பந்தான்." பதினாறு பேரும் ஈரக் கையோடு நின்றார்கள். "பாறையக் கண்டதும் ஊரே சொல்லுச்சு, மூடிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு, ஒனக்கு எதுக்கு இந்த வேலைன்னு. செண்பகம் கேக்கல. ஒத்தையில நின்னு ஒடச்சா. நாப்பத்தோராவது அடியில தண்ணி வந்துட்டு. அவ எங்கயும் போவல. அவ காட்டுலதான் இருக்கா."

அபுதாஹிர் "யா அல்லாஹ்" என்றார். பின்னால் யாரோ கை தட்டினார்கள். அந்த முடிவைக் கேட்டிருக்க வேண்டிய ஒரு மனிதர் மட்டும் அங்கே இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, முப்பது நாள் அழுகையும் மொத்தமாக வந்தது. விஜயராணி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் நிம்மதியாக மூச்சு விட்டதையும் பார்த்தேன்.

அழுதுகொண்டேதான் அவரிடம் சொன்னேன். "டெம்போவ வரவேண்டாம்னு சொல்லிருங்க அத்தான். நாளைக்கி எனக்கு வேல இருக்கு."