கணவாய்க் குடிசைக்கு ஒரு பூட்டு

நோட்புர்கா யாரையும் நம்பிப் பழகியவள் அல்ல. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் ஊரில் உண்டு. இவள் தண்ணீரையே சந்தேகமாகப் பார்க்கிற ரகம். ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே, அவளும் கணவன் வின்சென்ஸும் ஒரு குடில் நடத்தினார்கள். வருகிறவர்கள் எல்லாம் வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல், வரைபடத்தை நம்பிக் குடிலுக்குக் குடில் நடக்கிற கூட்டம். இடம் சொல்லிவைத்துவிட்டு வராமல் போகிறவன், ஒரு சூப்பை வாங்கி மூன்று பேர் குடிக்கிறவன், அடுத்தவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிடுகிறவன் என்று அவள் பார்க்காத ஆளில்லை.

அந்த உயரத்துக்கு ஏறிவிட்டால் அமைச்சரானாலும் மாடு மேய்ப்பவனானாலும் ஒருவருக்கொருவர் ‘நீ’தான். மலையின் வழக்கம் அது. நோட்புர்கா யாரையாவது ‘நீங்க’ என்று அழைத்தால், அந்த ஆள் அவள் சந்தேகத்தில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம்.

அன்று மத்தியானத்திலிருந்து பனிமூட்டம். கூடவே ஆலங்கட்டி கலந்த மழை. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு ஹோல்கர் என்ற ஜெர்மன்காரன் நனைந்து வந்து சேர்ந்தான். அவன் பேரில் இரண்டு கட்டில் சொல்லியிருந்தது. வந்ததோ ஒரே ஆள்.

“இன்னொருத்தர் எங்க?” என்று கேட்டாள் நோட்புர்கா.

“என் பொண்டாட்டி சில்கேவுக்கு முட்டி வலி. பாதி வழியிலேயே கீழ இறங்கிட்டா. பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிருப்பா” என்றான் அவன், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி. ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலையேறுவோர் சங்க உறுப்பினர் அட்டையைக் கேட்டாள். பையிலிருந்து எடுத்து நீட்டினான். இரண்டு அட்டை. கட்டிலில் விரித்து உள்ளே படுக்கிற துணிப்பைகளும் பைக்குள் இரண்டு தெரிந்தன. ஒன்றில் ஊதாப்பூப் போட்டிருந்தது.

“பஸ்ஸுல போறவங்க அட்டையக்கூட உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிட்டாங்களா?” என்றாள்.

‘உங்ககிட்ட’ என்று காதில் விழுந்ததுமே, அடுப்படியில் ரொட்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்த வின்சென்ஸ் தலையை நீட்டினான். “புர்கி, ஆரம்பிச்சுட்டியா? பாவம், நனைஞ்சு வந்திருக்கான். முதல்ல அவனுக்குச் சூடா ஏதாவது குடு.”

“குடுக்கறேன். நீ உருண்டையப் பாரு, கரையுது.”

வின்சென்ஸ் கிண்டலாகச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவன் சிரிப்பிலும் நியாயம் இருந்தது. போன வருடம் இரண்டு பேர் வரவில்லை என்று நோட்புர்கா மீட்புக்குழுவையே மலையேற வைத்தாள். அந்த இருவரும் கீழே கடைவீதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கச் சிரித்துத் தீர்த்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பாதிரியார்கூடச் சொன்னாராம்.

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. முந்தின குடிலை நடத்துகிற அலோயிஸுக்குப் போன் போட்டு விசாரித்தாள்.

“கீழ யாரும் திரும்பி வரல புர்கி” என்றான் அலோயிஸ். “காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளம்பினாங்க. சண்டை போட்டுக்கிட்டே போனாங்க. அந்தப் பொண்ணு காலு ஆட்டுக்குட்டி காலு, வலியாவது ஒண்ணாவது! ஏன், என்ன ஆச்சு?”

நோட்புர்கா போனை வைத்தாள். கொன்றுவிட்டான் என்றே முடிவு கட்டினாள். பாறை விளிம்பில் ஒரு தள்ளு, மூட்டத்தில் யார் பார்த்தது? சாப்பாட்டு மேஜைக்குப் போய் எல்லோர் முன்னாலும் நின்றாள்.

“உங்க பொண்டாட்டிய என்ன பண்ணினீங்க?”

மேஜை முழுவதும் கரண்டிகள் நின்றன. ஹோல்கர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன், அதற்குமேல் முடியாமல் சொல்லிவிட்டான்.

“சண்டை. கணவாய்க்குப் பக்கத்துல. இனி உன்கூட ஒரு அடி நடக்கமாட்டேன்னு சொல்லிட்டா. பாதை பிரியற இடத்துல இருக்கற குடிசையில தங்கிட்டு, காலையில தனியா இறங்கிக்கறேன்னா. நானும் போடின்னு வந்துட்டேன். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு எத்தன பேர் முன்னாடி சொல்றது? அதான் பொய் சொன்னேன்.” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அங்க அடுப்பு, கட்டில், கம்பளி எல்லாம் இருக்கு. எப்பவும் திறந்திருக்கும்னு வரைபடத்துலயே போட்டிருக்கு.”

மேஜையில் ஆளாளுக்கு மூச்சுவிட்டார்கள். வின்சென்ஸ் அவன் தோளைத் தட்டினான். “இதைச் சொல்றதுக்கா இவ்வளவு? அந்தக் குடிசைய நாங்கதான் பாத்துக்கறோம். எங்க தாத்தா காலத்துலேருந்து அதுக்குப் பூட்டுன்னு ஒண்ணு கிடையாது. ராணி மாதிரி தூங்குவா, போ.”

நோட்புர்கா மட்டும் மூச்சுவிடவில்லை. அவள் கை ஏப்ரன் பைக்குள் இருந்த சாவியைப் பிடித்திருந்தது.

போன வாரம்தான் அது நடந்தது. யாரோ அந்தக் குடிசையில் தங்கிவிட்டு, விறகு தீர்ந்ததும் பெஞ்சை உடைத்து எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்குத் தாங்கவில்லை. கையோடு ஒரு பூட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். வின்சென்ஸிடம் சொன்னால் ஆடித் தீர்ப்பான் என்று சொல்லவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவள் கதைதான். மலையில் திருடனுக்குக்கூடத் திறந்திருக்க வேண்டிய கதவு அது.

“வின்சென்ஸ், பூட்ஸை மாட்டு” என்றாள்.

“எதுக்கு?”

“நான் பூட்டிட்டேன்.”

அவன் திட்டியிருந்தால் தேவலை. உருண்டை மாவு ஒட்டிய கையைக் கழுவாமலே கோட்டை எடுத்தான். ஹோல்கர் எழுந்தபோது, “நீங்க இங்கயே உக்காருங்க” என்று நோட்புர்கா சொன்னாள். அந்த நிலையிலும் அவனை நம்ப அவளால் முடியவில்லை.

இருவரும் கணவாயை நோக்கி ஏறினார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. ஒவ்வொரு பாறை மறைவிலும் அவள் விழுந்து கிடக்கிற ஒருத்தியைத் தேடினாள். ஒவ்வொரு முறையும், இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அத்தனை வருடமாக ஊரார்மேல் பட்ட சந்தேகத்தில் ஒன்றுகூட இப்படி நெஞ்சை அழுத்தியதில்லை. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

குடிசைக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. வாசலில் யாரும் இல்லை. வின்சென்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான்.

“புர்கி! ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு. உள்ளேருந்து மேஜையச் சாத்தி வெச்சிருக்கு. கண்ணாடியில ரத்தம்.”

நோட்புர்கா கதவைத் தட்டினாள். “சில்கே! உள்ள இருக்கியா?”

குளிரில் பல் தந்தியடிக்க உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு?”

“கீழ இருக்கற குடில்காரி. நோட்புர்கா.”

“அவன் அனுப்பினானா? அவனும் நிக்கறானா?”

“இல்ல. நானும் என் புருஷனும்தான்.”

“எப்படி நம்பறது?”

கல்யாணமான நாளிலிருந்து வின்சென்ஸிடம், ரொட்டிக்காரனிடம், வாசலில் பூட்ஸ் கழற்றிய ஒவ்வொருவரிடமும் அவள் கேட்ட கேள்வி அது. யாராவது என்ன பதில் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் எதையும் காதில் வாங்கியதே இல்லை.

பூட்டைத் திறந்து தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

“சாவி வெச்சிருக்கியா?” என்றது குரல். “அப்போ பூட்டினது…”

வின்சென்ஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான்தான்” என்றாள் நோட்புர்கா. “யாரோ பெஞ்சை எரிச்சுட்டான்னு பூட்டினேன். உன்ன மாதிரி ஒருத்தி மழையில வந்து நிப்பான்னு நினைக்கல. நம்புன்னு கேக்க எனக்கு வாயில்ல தாயி. கை ரத்தத்துக்குக் கட்டுத்துணி கொண்டுவந்திருக்கேன். இங்க வெச்சிட்டுத் தள்ளி நிக்கறேன்.”

துணியை வாசற்படியில் வைத்துவிட்டு மழைக்குள் பின்வாங்கினாள். வின்சென்ஸையும் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

இனி அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. தன்னை நம்பலாமா வேண்டாமா என்று ஒருத்தி முடிவு செய்யட்டும் என்று நின்றாள்.

பிறகு தாழ் விலகும் சத்தம் கேட்டது.