ஏரியில் நட்ட கம்புகள்

பாடாங் செராயில் நான் குடியேறிய நாள் முதல், என்னை மேடைக்கு அழைப்பவர்கள் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லிவருகிறார்கள். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை லாரி டியூப்பில் உட்காரவைத்து, கயிற்றைத் தம் இடுப்பில் கட்டி இழுத்து ஏரியைக் கடத்திவிட்டவர் என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அது உண்மை. அதன் பின்பாதியில் ஒரு கம்பு வரும். வலை கட்டுவதற்காக நட்டிருந்த கம்பு ஒன்று டியூப்பைக் குத்திக் கிழித்தது என்றும், நான் மூழ்கி ஒரு சிறுமியை மீட்டேன் என்றும் அந்தக் கதை முடியும். அந்தப் பின்பாதியை நான் இதுவரை மறுத்ததில்லை. அதை மறுத்திருக்கக்கூடிய மற்றவர்கள் இன்று உயிருடன் இல்லை. எஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதுகிறேன்.

திகாம் பத்துக்கு உட்புறமாக இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் அப்போது பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். சென்னையில் கல்லூரியில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியவன். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்ட பிறகு ஜப்பானியர் எப்போதாவது வந்து பார்த்துப் போவார்கள். அன்றாடப் பொறுப்பு முழுவதும் என்னிடம் இருந்தது. ஆண்களில் பெரும்பாலோர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டனர். தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் எஞ்சியவர்கள் பெண்கள், பிள்ளைகள், நடக்க இயலாத சில முதியவர்கள்.

அரிசி கண்ணில் படாத நாள்கள் அவை. தொழிற்சாலைக்காக ஓடையை மறித்துக் கட்டிய ஏரி ஒன்று எங்கள் தோட்டத்தின் எல்லையில் இருந்தது. அதன் அக்கரையில் மலாய்க்காரர்களின் சிற்றூர் ஒன்று, கம்பம் என்போம். கம்பத்தை ஒட்டிய காட்டுச் சரிவை வெட்டித் திருத்தி எங்கள் பெண்கள் மரவள்ளி நட்டிருந்தார்கள். அங்கே போக ஏரியைச் சுற்றிச் சதுப்பு வழியாக ஒரு பாதை உண்டு. பாதையின் நடுவில் ஒரு பாலம். பாலத்தில் ஜப்பானியக் காவல். தோண்டிய கிழங்கைக் கூடையில் கொண்டுவந்தால் பாலத்திலேயே பெரும்பகுதியைப் பறித்துக்கொள்வார்கள். அங்கேயே அவித்து அங்கேயே தின்றுவிட்டு வந்தால் கேட்பாரில்லை. ஆகவே, பிள்ளைகளுக்குக் கிழங்கைக் கொண்டுவர இயலாது. பிள்ளைகளைத்தான் கிழங்கிடம் கொண்டுபோக வேண்டும். சிறு கால்கள் அந்தச் சதுப்பில் நடக்கமாட்டா. படகும் தெப்பமும் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது.

டியூப்பைப் பற்றி அந்த உத்தரவில் ஒன்றுமில்லை. துரையின் கொட்டகையில் மூன்று லாரி டியூப்புகள் கிடந்தன. தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவன் நான் ஒருவன். சென்னைக் கடலில் கற்றது. பெண்கள் வந்து கேட்டபோது நான் உடனே இசைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் பெற்றவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இழுப்பதை எண்ணிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் இசைந்தேன். சட்டையைக் கழற்றமாட்டேன் என்ற தீர்மானத்துடன் இறங்கினேன்.

ஒரு டியூப்புக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றின் பின் ஒன்றாக மூன்று டியூப். காலையில் இரண்டு நடை, பிற்பகலில் திரும்ப இரண்டு நடை. கடைசி டியூப்பில் எப்போதும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உட்காருவாள். வாய் ஓயாதவள். நான் நீந்தத் தொடங்கியதும் பின்னாலிருந்து மெல்லிய குரலில், "ஹை... ஹை... தொரை வீட்டு மாடே!" என்பாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குக் கேட்காதது போல் நீந்துவேன்.

ஏரி எங்களுக்கு மட்டும் உரியதன்று. அக்கரையிலிருந்து ஏரியின் பாதி வரை கம்புகள் நட்டு வலை கட்டி மீன் பிடித்துவந்தார் கம்பத்து முதியவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் பாக் சிக், மலாயில் மாமா. தோட்டத்துக்காரர்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். முதல் நாள் எங்கள் ஊர்வலத்தைக் கண்டதும் இடுப்பளவு நீரில் நின்றபடியே என்னை அழைத்தார்.

"கிராணி, நீங்க லாரி ஓட்டுறீங்களா, நீச்சல் அடிக்கிறீங்களா? அலை வந்து என் மீனெல்லாம் திகாம் பத்து போயிடும்லா."

அன்று கரையில் நின்று இருவரும் பேசி ஒழுங்கு செய்துகொண்டோம். வலை விரித்திருக்கும்போது ஒரு மூங்கிலில் தம் பழைய சாரோங் கைலியை ஏற்றிவைப்பார். அது பறந்தால் நாங்கள் நாணல் ஓரமாகச் சுற்றி, மெதுவாகப் போக வேண்டும். பிள்ளைகள் காலால் தண்ணீரை உதைக்கக் கூடாது. அது இறங்கியிருந்தால் நேராகப் போகலாம். கம்பத்துப் பெண்கள் குளிக்கும் வேளையில் கரையேறக் கூடாது. எங்கள் துணி துவைப்பெல்லாம் மதகுக்குக் கீழே. அவர் பங்குக்கு, நாணலுக்கும் வலைக்கும் இடையிலான வழி குறுகலாக இருக்கிறதென்று தாமே இரண்டு கம்புகளைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார். நான் அதைக் கேட்கவில்லை. வலையில் சிக்கும் பொடி மீனைச் சேம்பிலையில் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் அவராகச் செய்ததே. சாரோங் பறக்கும் நாள்களில் அந்தச் சிறுமி உதட்டில் விரல் வைத்து, "மீன் தூங்குது, யாரும் பேசாதீங்க" என்று உத்தரவிடுவாள். அவள் பேச்சை எல்லோரும் கேட்டார்கள்.

கடைசி டியூப்பில் ஒரு சிறு துளை இருந்தது. அதை அடைத்தவள் அந்தச் சிறுமியின் தாய். தொழிற்சாலையில் ரப்பர்ப் பாலை உறையவைத்துப் பாளம் போடும் வேலையில் இருந்தவள். துளை இருந்த இடத்தில் ஒரு ரப்பர்க் கொட்டையை உள்ளே தள்ளி, வெளிப்புறம் ரப்பரைக் கூட்டிப் பிடித்து, நார்க் கயிற்றால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். கொண்டை போல ஒரு முடிச்சு நீட்டிக்கொண்டு நின்றது. ஆனால் காற்று சிறிதும் இறங்கவில்லை.

ஒரு நாள் சுங்கைப் பட்டாணியில் ஜப்பானியரின் அலுவலகத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் ரப்பர் இருப்பைப் பார்க்க வந்தார். கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். ஏரிக்கரையில் காய்ந்துகொண்டிருந்த டியூப்பைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார், டியூப்புக்குக் கோவணம் கட்டி விட்டிருக்கீங்க! கெமிஸ்ட்ரி படிச்சவர் கை வேலையா இது?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று கிழங்கும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. மறுநாள் அந்த முடிச்சை அறுத்தெறிந்தேன். சொறிமருந்துக்காக வைத்திருந்த கந்தகத்தை ரப்பர்ப் பாலில் குழைத்து, பாளத்துக்குப் புகைபோடும் கொட்டகையின் அடுப்பருகே சூடாக்கி, துண்டு ஒன்றை வெட்டி ஒட்டினேன். வழவழப்பாக, ஒட்டிய இடம் தெரியாமல் இருந்தது. அந்தப் பெண் வந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது வெயிலுக்கு இளகிருங்க ஐயா."

"கந்தகம் சேர்த்திருக்கிறேன். இளகாது. அது உனக்குப் புரியாது."

"கந்தகம் எனக்குத் தெரியாதுங்க. பாலு தெரியும்."

இரசாயனத்தில் நான் அறிந்ததும் அவள் சொன்னதும் ஒன்றே. அந்தக் கலவைக்கு வேண்டிய வெப்பம் அந்த அடுப்பில் ஏறியிருக்காது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான்கு நாள் மேகமூட்டமாக இருந்ததால் ஒட்டு நின்றது. அந்த நான்கு நாளும் அவள் எதிரில் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஐந்தாம் நாள் நல்ல வெயில். பிற்பகல் திரும்பும் நடை. டியூப்புகள் நெடுநேரம் கரையில் காய்ந்து கிடந்தன. சாரோங் பறந்துகொண்டிருந்தது, நாணல் ஓரமாகவே இழுத்துவந்தேன். பாதி வழியில் பின்னால் சீறும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் கடைசி டியூப் தொய்ந்து மடிந்துவிட்டது. அதிலிருந்த பையன் கயிற்றைப் பற்றிக்கொண்டான். சிறுமியைக் காணவில்லை.

இடுப்பில் கயிறும் அதில் ஐந்து பிள்ளைகளுமாக நான் நின்ற இடத்திலேயே கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தேன். மூழ்கித் தேடியவர், வலையருகே நின்றிருந்த பாக் சிக். கம்புகளிலிருந்து எங்கள் வழிப் பக்கமாக நீருக்குள் விரிந்து கிடந்த வலைக்குள் போய்ச் சிக்கியிருந்தவளைப் பிரித்தெடுக்க நேரமில்லாமல், பாராங் கத்தியால் தம் வலையைக் குறுக்கே வெட்டினார். வலை நூல் எங்குமே கிடைக்காத காலம் அது. அந்த வலை போனால் அவருக்கு மறு வலை இல்லை. அது எனக்கும் தெரியும், வெட்டியவருக்கும் தெரியும்.

எங்கள் கரையில் அவளைத் தோளில் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் அழுதாள். பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படிங்க ஐயா? என்னாச்சு?"

டியூப் என் கையில் இருந்தது. ஒட்டு இருந்த பக்கம் உள்ளே வரும்படி அதை மடித்தேன்.

"கம்பு குத்திவிட்டது" என்றேன்.

பாக் சிக் நிமிர்ந்து பார்த்தார். அவர் தோளில் வெட்டுண்ட வலையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கம்பா, கிராணி?"

"ஆமாம்."

அவர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வந்த வழியிலிருந்து கம்புகள் எவ்வளவு தள்ளி நின்றன என்பது கரையிலிருந்தே தெரிந்தது. பிறகு அவர் நீரில் இறங்கித் தம் கரைக்குப் போய்விட்டார்.

மாலைக்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. வேண்டுமென்றே கூர் சீவி நட்டார் என்றுகூட யாரோ சொன்னார்கள். லயத்தில் எஞ்சியிருந்த சிலர் போய் அந்தக் கம்புகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மறுநாள் கம்பத்தார், எங்கள் பிள்ளைகள் கரையேறும் இடத்தில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளை எதுவும் ஏரியில் இறங்கக் கூடாது என்று செய்தி வந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. உயிரைக் காத்த மனிதரை நாங்கள் கொலைகாரர் என்றோம்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சிறுமியின் தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அந்த டியூப்பை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் கண்ணிலிருந்து எனக்கு விளங்கியது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"பிள்ளைங்க ரெண்டு நாளா பட்டினிங்க ஐயா. நீங்க போய் ஒரு வார்த்தை பேசினா அவங்க கேப்பாங்க. கம்பு இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"கம்பு இல்லையென்றால் வேறென்ன என்று கேட்பார்கள்."

"காத்து எறங்கிருச்சுன்னு சொல்லுங்க. டியூப்புன்னா காத்து எறங்கத்தானே செய்யும்? உங்கள யாரு என்ன சொல்லப்போறா?"

என் மானத்துக்கு ஒரு கீறலும் விழாதபடி அவள் வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தாள். "பார்க்கலாம்" என்றேன். "நீ போ."

நான் போகவில்லை. மறுநாள் போகலாம் என்று எண்ணினேன். பிறகு, அவர்களே ஆள் அனுப்பட்டும் என்று எண்ணினேன். சட்டை போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு முறை நடந்தேன். அக்கரையில் பாக் சிக் குந்தியிருந்தார். வலை இல்லாமல், ஒரு தூண்டிலுடன். நான் வந்த வழியே திரும்பினேன்.

பாலத்தைத் தாண்டி வந்த கிழங்கைக் கொண்டு பிள்ளைகள் ஒரு வேளையை ஓட்டினார்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழைக்காலம் தொடங்கியபோது பலருக்குக் கால்கள் வீங்கின. அந்தச் சிறுமிக்கு முகமும் வீங்கியது. அவள் இறந்த அன்று மழை ஓயவில்லை. அவளோடு சேர்த்து, அந்த மழைக்காலம் முடிவதற்குள், அந்த டியூப்புகளில் வந்த பிள்ளைகளில் நால்வர் போனார்கள். ஏரி கடந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை எனக்கு அனுகூலமாகப் பயன்படுத்திக்கொள்ளவும் விருப்பமில்லை.

பாக் சிக் அந்த மழைக்காலத்திலேயே தஞ்சோங் டாவாயில் இருந்த தம் மகனிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சண்டை முடிந்த பின் கடைகளில் வலை நூல் மீண்டும் வந்தது. சுங்கைப் பட்டாணியிலிருந்து அங்கே பேருந்தும் ஓடியது. அவர் அங்கே சில ஆண்டுகள் உயிரோடிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நான் போகவில்லை.

தோட்டத்தை விட்டு நான் விலகியபோது லயத்தார் ஒரு பிரிவுபசாரம் நடத்தினார்கள். பேசியவர் கம்பு குத்திய கதையைச் சொல்லி, கிராணி ஐயா மூழ்கிப் பிள்ளையை மீட்டார் என்று முடித்தார். நான் மீட்டதாக முதன்முதலில் கேட்டது அங்கேதான். எல்லோரும் கை தட்டினார்கள். மாலையை ஏற்றுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில் அந்தத் தாய் நின்றிருந்தாள். கையைத் தட்டவில்லை, கட்டிக்கொண்டும் நிற்கவில்லை. என் பார்வை பட்டதும், ஐயா முன்னால் எப்போதும் செய்வதுபோல, தலை குனிந்து தரையைப் பார்த்தாள். பேச எழுந்த நான் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடக்கமானவர் என்று அதற்கும் கை தட்டினார்கள்.