தரையில் இறக்காத பிள்ளை

இடுப்பில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு அக்கா ஒற்றைக் கையால் சோறு வடித்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பானையின் வாயில் மூடியை அழுத்திப் பிடித்துச் சரிக்க இரண்டு கை வேண்டும். அக்காவின் இடது கை பிள்ளையைச் சுற்றி இருந்தது. "பிள்ளைய இங்க தாருங்க அக்கா" என்று நான் நீட்டிய கைகளை அவள் பார்க்கவேயில்லை. மூடி நழுவியது. கொதிக்கும் கஞ்சி பொங்கிச் சரிந்த அந்தக் கணத்தில் அக்கா உடம்பைத் திருப்பி வலது கையைக் குறுக்கே கொடுத்துவிட்டாள். பிள்ளைமேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. அக்காவின் முன்கை வெந்துபோயிற்று.

அக்கா என்று நான் சொல்வது என் கணவருடைய அண்ணன் மனைவியை. அப்போது நாங்கள் இரண்டு குடும்பமும் கொட்டாரம் என்ற ஊரில் ஒரே வீட்டில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். எனக்குக் கல்யாணமான புதிது. அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் என்றாலும், அவள் முகத்தில் எப்போதும் ஒரு பெரிய வயது இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவர்களுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து இறந்திருந்தது. பாயில் கிடந்து தானாகக் கைகாலை ஆட்டி விளையாடும் பிள்ளையாம். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வர, அக்கா அதைப் பாயில் விட்டுவிட்டு முற்றத்தில் காயப்போட்ட நெல்லை அள்ள ஓடியிருக்கிறாள். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வலிப்பு கண்டிருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். அந்தச் சொல் அக்காவின் காதில் ஏறவில்லை. வேறொரு சொல் ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவதாகப் பிறந்தது பெண்பிள்ளை. ஒன்பது மாதமாகியும் அது தவழவில்லை. எப்படித் தவழும்? அதன் முட்டு தரையைக் கண்டதில்லை. குளிக்கப் போனால் என்னிடம் தருவாள். தலையைத் துவட்டாமல் ஓடிவந்து வாங்கிக்கொள்வாள். காலில் பலமில்லாத பிள்ளை என்று தெருவில் பேச்சுக் கிளம்பியிருந்தது.

கை வெந்த பிறகு வேறு வழியில்லாமல் போயிற்று. கட்டுப் போட்ட கையோடு நடு அறையில் பாய் விரித்து, சுற்றிலும் தலையணை அடுக்கி, ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் மர அகப்பையையும் வைத்துப் பிள்ளையை உட்கார்த்தினாள். பிள்ளை அழுமென்றுதான் நாங்கள் நினைத்தோம். அது அகப்பையால் சிரட்டையைத் தட்டிப் பார்த்தது. சத்தம் கேட்டுத் தானே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்போது என் மகள் தன் பிள்ளையைத் தரையில் விட்டுவிட்டு வேலை பார்க்கிறாள். இடையிடையே எட்டிப் பார்க்கையில் அவள் முகத்திலும் எதையோ திருடியவள் போன்ற ஒரு கலக்கம் வந்து போகிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு நினைவுக்கு வரும்.

மூன்றாம் வீட்டுக்காரி மோர் வாங்க வந்தவள் பாயைப் பார்த்தாள். "ஒருக்கா பட்டும் பிள்ளைய தனியா போட்டிருக்கியே மக்கா. பெத்த மனசு கேக்குமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் வெளுத்திருந்தன.

அந்த நேரம் பார்த்து அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். நடு அறையில் பிள்ளை தனியாக இருப்பதைக் கண்டதும் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாரித் தூக்கினார். பிள்ளை பயந்து வீறிட்டது.

"ஏட்டி, பிள்ளைய விட்டுட்டு எங்க போன? ஒருக்கா பட்டது போதாதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தாள். அவள் அவர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"கீழ விட்டா கொன்னுட்டேன்னு சொல்லுவீங்க. தூக்கிட்டு நின்னா கை வேகுது. நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

"நீ கொன்னுட்டன்னு ஆரு சொன்னா?"

"நீங்கதான். பையன அடக்கம் செய்த அன்னைக்கு, குழிப்பக்கத்துல நின்னு சொன்னீங்க. நீ பக்கத்துல இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்னு."

"நான் அப்பிடியா சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அக்கா இரவும் பகலும் சுமந்துகொண்டிருந்த சொல்லை, சொன்னவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் முகம் இருண்டுபோயிற்று. "தப்பு ஏட்டி. பெரிய தப்பு" என்றார்.

பிறகு அத்தான் குனிந்து பிள்ளையைப் பாயில் உட்கார்த்தினார். அது மறுபடி அழுதது. சிரட்டை உருண்டு எட்டத்தில் கிடந்தது. பிள்ளை கையை நீட்டியது, எட்டவில்லை. குப்புற விழுந்து முகம் சிவக்கக் கத்தியது. அக்கா பாய்ந்தாள். "இரி. அவ எடுப்பா" என்று அத்தான் அவளைக் கைநீட்டி மறித்தார். பிள்ளை வயிற்றால் ஓர் உந்து உந்தியது. பிறகு இன்னொன்று. தலையணையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிரட்டையைப் பற்றித் தரையில் ஓங்கி அடித்தது.

"நீ போயி சாப்பிடு. நான் இங்கன இருக்கேன்" என்றார் அத்தான்.

அக்கா அடுக்களையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன். கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களால் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள். நடு அறையில் சிரட்டைச் சத்தம் சட்டென்று நின்றது. கவளம் பாதி வழியில் நின்றது. நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்று அத்தானின் குரல் வந்தது. "சிரட்டைய மாத்திப் பிடிக்கா."

மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. அக்கா கவளத்தை வாயில் வைத்து மெல்ல மென்றாள்.