இரண்டு சம்பந்திகளும் ஒரு கல்லீரல் கொழுப்பும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆனி மாதத்தில், பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் நடந்தது இது. அதைச் சொல்லும் முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு குண்டான் சாம்பார் சாதமுமாகத் தொடங்கியவன். மழை அடுப்பை அணைத்தது. கூட்டாளி பாத்திரங்களோடு ஓடிப்போனான். நான் அசையவில்லை. இன்று ஏழெட்டுக் கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு என் சமையல்கூடத்திலிருந்துதான் போகிறது. இரண்டு வேன், மாடி வீடு, படித்த ஒரே மகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சாராயமோ பீரோ என் நாக்கில் பட்டதே இல்லை. ஆயுத பூஜை அன்று ஆட்கள் பாட்டிலைத் திறந்தால், பொரிகடலையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இரண்டாம் நிலை என்றார். குடிப்பீர்களா என்று கேட்டார். வந்த கோபத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அவர் சிரித்து உட்காரச் சொல்லி, குடிக்காதவர்களுக்கும் இது வரும், என்ன தொழில் செய்கிறீர்கள் என்றார். சொன்னேன். காலையில் ஒவ்வொரு குண்டானிலும் ஒரு கரண்டி எடுத்து நான் ருசி பார்க்காமல் வேன் கிளம்பாது. பொங்கல், கேசரி, குருமா, வடை, எதையும் விடுவதில்லை.

"அது ருசி பார்க்கிறது இல்லைங்க. அதுவே ஒரு சாப்பாடு" என்றார்.

மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, தொப்பை குறைய வேண்டும், எண்ணெயும் சர்க்கரையும் குறைய வேண்டும், தினம் நடக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்று சொன்னார். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் இறுகிப்போகும் என்று கையை மடக்கிக் காட்டினார்.

மறுநாள் டீக்கடையில், சர்க்கரை போடாதே, லிவரில் கொழுப்பாம் என்றேன். எனக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. டீ மாஸ்டர் விடுவாரா.

"இன்னா நைனா, தெனம் குவார்ட்டர் உடுறவன்லாம் ஜம்முனு கீறான், உனுக்கு லிவரா? எங்களுக்குத் தெரியாம ஊத்திக்கினு கீறியா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற புது ஆள் மட்டும் சிரிக்கவில்லை. என் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த திருநின்றவூர்ப் பையனின் தாய்மாமன் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். நல்ல நேரம் பார்த்து வந்தார்.

இரண்டு நாளில் தரகர் போன் செய்தார். குடிக்கிறவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று பையனின் அம்மா சொல்லிவிட்டாராம். அதை அவர் இழுத்து இழுத்துத்தான் சொன்னார். பையனைப் பார்த்த நாளிலிருந்து வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்த என் மகள், பாடுவதை நிறுத்திவிட்டாள். கொதிக்கிற குண்டான் கையில் சாய்ந்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

வேனை எடுத்துக்கொண்டு நேரே திருநின்றவூர் போனேன். பையனின் அம்மா முகம் கொடுக்கவில்லை. அப்பா ஒல்லியான மனிதர், தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டான், கரண்டி, கேசரி, டாக்டரம்மா என்று எல்லாவற்றையும் சொன்னேன். குடிக்காததற்கு என்ன சாட்சி காட்ட முடியும்? "லிவர் சும்மாவா கெடும்?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

எழுந்து வந்துவிட்டேன். வழியனுப்ப வந்த அப்பா, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலை இறக்கினார்.

"சம்பந்தி, எனுக்கும் அதேதான் கீது. போன வருசம் ஆவடில ஸ்கேன் பாத்தாங்கோ. ஊட்ல சொல்லல. குடிக்கிறேன்னுதான நெனைப்பா."

அவரும் குடிக்காதவர்தானாம். பயத்தில் அதற்குப் பிறகு டாக்டர் பக்கமே போகவில்லையாம்.

எனக்குக் கோபிக்கத் தோன்றவில்லை. சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டாரே. அவர் கையைப் பிடித்து, இதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, உள்ளே வந்து சொல்லுங்கள், என் மகளுக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும் சொல்லுங்கள் என்றேன். வெட்கப்பட்டு மறைத்தால் கல்லீரல் காத்திருக்காது என்றும் சொன்னேன். ஐந்தாவதோடு நின்றவனுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ.

நானும் கூடப் போக, உள்ளே போய்ச் சொன்னார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாய்யா சொல்ற? காத்தடிச்சா பறக்குற மாதிரி கீற, உனுக்கு எங்கய்யா கொழுப்பு?"

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னதை அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். பிறகு அந்த அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு டம்ளர் மோர் கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வருசமா சக்கரைய அள்ளிப் போட்டு டீ குடுத்துகினு கீறேன். சொல்ல வேணாமாய்யா?"

ஆவணியில் கல்யாணம். சமையல் என் ஆட்கள்தான். நான் ருசி பார்க்காமல் பந்திக்குப் போன முதல் பாயசம், என் மகள் கல்யாணப் பாயசம். நன்றாகத்தான் இருந்ததாம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் வெறும் வயிற்றோடு ஸ்கேன் சென்டர் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் திருநின்றவூர் ஏரிக்கரையில் நடை. என் கரண்டி டீஸ்பூன் ஆகிவிட்டது, இரண்டாம் நிலை ஒன்றுக்கு இறங்கிவிட்டது. போன முறை அவருக்குக் கொழுப்பே இல்லை என்று வந்தது. ஆனாலும் வருவதை நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தியம்மா இதெல்லாம் தன் கொள்ளு ரசத்தால் என்கிறார். மாப்பிள்ளை, தான் வாங்கிக் கொடுத்த ஷூவால் என்கிறார். சம்பந்தியோ எல்லாம் ஏரிக்கரைப் பிள்ளையார் செயல் என்கிறார். இருக்கட்டும், பிள்ளையாருக்கும் பங்கு உண்டு. ஆனால் வியாதியை ஊர் கேட்கச் சொன்னவன் நான், மானத்தைப் பார்க்காமல் அந்த வீட்டுப் படி ஏறியவனும் நான். மகள் மறுபடி பாடுகிறாள், இப்போது கைக்குழந்தைக்கு. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்த வியாதிக்கு முதல் மருந்து வாய்விட்டுச் சொல்வது, அதை எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதலில் சாப்பிட்டவன் நான், கொள்ளு ரசத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.