வாசல் எண்ணிய தலைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் வெயில் பலேர்மோவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நகரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு பெரிய வணிக வளாகத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தையல் கடை. காற்சட்டையின் நீளம் குறைப்பது, பாவாடையின் இடுப்பைத் தளர்த்துவது, அறுந்த சிப் மாற்றுவது. ‘எங்களுக்கு’ என்று எழுதுகிறேனே தவிர, பதினைந்து வருடம் இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராக்களின் வீடுகளில் நிலம் துடைத்து மனைவி உழைத்துத் தேடிய கடை அது. தைப்பதும் அவள்தான். நான் குண்டூசி குத்தி அளவு பார்ப்பேன். மிச்ச நேரம் வாய் பார்ப்பேன்.

எங்களுக்கு நேரெதிரே மூன்று மாடியில் ஒரு பெருங்கடை இருந்தது. அங்கே வாங்கிய காற்சட்டை நீளமென்றால் பத்தடி நடந்து எங்களிடம் வருவார்கள். அந்தப் பெருங்கடையை அந்த ஓகஸ்டில் மூடிவிட்டார்கள். அடுத்த கிழமையே வளாகத்தின் மனேஜர் எங்கள் கடைக்கு வந்தார்.

இந்த வளாகம் அமெரிக்க முறையில் கட்டப்பட்டது என்று விளக்கினார். மூலைக்கொரு பெருங்கடை, நடுவில் சின்னக் கடைகள். பெருங்கடையைத் தேடி வரும் சனம் போகிற போக்கில் எங்களையும் எட்டிப் பார்க்கும். அதனால் பெருங்கடைக்கு நங்கூரம் என்று பெயராம். நங்கூரம் போன பிறகு அமெரிக்காவிலேயே பல மால்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றனவாம். ஆகவே எங்கள் பக்கத்து வாசலை மூடிப் பலகை அடிக்கப் போகிறார். நாங்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் ஊரிலே தீவுக்காரன், கடலோடு பிறந்தவன். விடுவேனா? “நங்கூரம் போனால் படகு தாழாது, சிஞ்ஞோரே” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். படகில் கால் வைத்ததும் வாந்தி எடுக்கிறவன் நான் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் சிரித்தார். அந்த வாசலின் மேல், உள்ளே வருபவர்களை எண்ணும் கருவி ஒன்று உண்டு. அதைக் காட்டி, “வருகிற ஞாயிறு இந்த வாசலால் முந்நூறு தலை வரட்டும், பலகை அடிக்க மாட்டேன்” என்றார்.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. கோடையில் எங்கள் தமிழ்ச் சனம் இந்த வளாகத்துக்கு வரும், வாங்க அல்ல, ஏசிக் குளிரில் நடக்க. அவர்களைக் கண்டால் நான் குனிந்து ஊசிக்கு நூல் கோக்கத் தொடங்கிவிடுவேன். வெள்ளைக்காரர் முன்னால் இவர்கள் என் ஆட்கள் என்று காட்டிக்கொள்ள வெட்கம்.

அந்த ஞாயிறு காலை, பூசை முடியும் நேரம், தேவாலய வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மன்னார்க்கார அண்ணை ஒருவர் கண்டுவிட்டார்.

“என்ன தம்பி, எங்களைக் கண்டா நூல் கோக்கிற ஆளெல்லே? இண்டைக்கு ஊசி துலைஞ்சு போச்சோ?”

“அண்ணை, கடை போகப் போகுது. அந்த வாசலாலை ஒருக்கா வந்திட்டுப் போங்கோ.”

“உனக்காக வரேல்லை. தைக்கிற தங்கச்சிக்காக வாறம்” என்றார்.

வந்தார்கள். எங்கள் சனம் நிறைந்த ஒரேத்தோத் தெருவிலிருந்து பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க, குழந்தை வண்டிகளோடு வந்தார்கள். சைவக் கோவில் பக்கத்துச் சனமும் வந்தது. சிலர் கையோடு பிளவுஸ்களும் கொண்டுவந்திருந்தார்கள். மனைவி மெசினை விட்டு எழும்பவேயில்லை. ஆனால் நாலு மணிக்கு எனக்குப் பயம் பிடித்தது. முந்நூறு வருமா? வெளியே போய், தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். பிறகு தொப்பியில்லாமல். பிறகு குடையோடு. பிறகு நொண்டிக்கொண்டு. கருவிக்கு நொண்டல் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை மனேஜர் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்கு அழைத்தார். கணக்கு நானூற்றுப் பன்னிரண்டு. நான் துள்ளப் போன நேரத்தில் கமராப் படத்தை ஓடவிட்டார். திரை முழுக்க நான். அறுபத்து மூன்று தடவை.

மனைவி என் பக்கம் சாய்ந்து, “இஞ்சேருங்கோ, அது என்ரை சிவப்புத் தொப்பியெல்லே?” என்றாள்.

இது மோசடி, நாளைக்கே பலகை அடிக்கிறேன் என்றார் மனேஜர். நீட்டுகிற கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது எனக்கு. மனைவி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிஞ்ஞோராக்களின் சமையல் குசினிகளில் பழகிய இத்தாலிய மொழியில், “இவரைக் கழியுங்கள்” என்றாள்.

கழித்தால் முந்நூற்று நாற்பத்தொன்பது. மனேஜர் விடவில்லை. அவர்கள் எதுவும் வாங்கவில்லையே, சும்மா நடந்துவிட்டுப் போனார்களே என்றார்.

“பெருங்கடைக்கு வந்தவர்கள் வாங்கியிருந்தால் அதை ஏன் மூடினார்கள்? அவர்களை ஆள் என்றுதானே எண்ணினீர்கள்? எங்கள் சனத்தையும் எண்ணுங்கள். நீங்கள் கேட்டது தலை, பை அல்ல. நாங்கள் போக மாட்டோம்.”

குரலை அவள் உயர்த்தவேயில்லை. மனேஜர் திரையை அணைத்தார். டிசம்பர் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் விடுகிறேன் என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு இரண்டு நத்தார் போய்விட்டன. பெருங்கடையின் முகத்தில் பலகை இருக்கிறது. எங்கள் வாசல் திறந்தே இருக்கிறது.

அன்று படியிறங்கும்போது, பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

“அவ்வளவு சனத்துக்குள்ளை உங்களை மட்டும்தான் கழிக்க வேண்டி வந்தது” என்றாள்.

இப்போது எங்கள் சனம் குளிருக்கு நடக்க வரும்போது, ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாசல்வரை போய், “வாங்கோ” என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி கூப்பிடுகிறேன்; அப்படியாவது என்னையும் அந்தக் கணக்கில் ஒரு தலையாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்றுதான்.